ஊசி குத்தினால் பரவுமா? குடும்ப குரூப்பில் சுற்றும் ஆடியோவுக்கு என் பதில்

இது நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் நாலு வரியைப் படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று கைகூப்பும் படம் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும்.

இரண்டு வாரமாக ஒரு ஆடியோ சுற்றுகிறது. நம் குடும்ப குரூப்பில் மூன்று பேரும் பழைய மாணவர்கள் குரூப்பில் இரண்டு பேரும் போட்டுவிட்டார்கள். ஒரு ஆண் குரல், நாலு நிமிஷம். பயாப்ஸி என்ற பெயரில் கட்டியில் ஊசி குத்துகிறார்களாம். தூங்குகிற கட்டியைத் தட்டி எழுப்புகிறார்களாம். குத்திய ஓட்டை வழியாகப் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவுகிறதாம். ஊசி படாமல் இருந்தால் கட்டி அதுபாட்டுக்கு இருக்குமாம். பின்னணியில் புல்லாங்குழல் வேறு.

நம் உறவில் ஒரு பெண். முப்பத்தெட்டு வயது. பெயர் வேண்டாம். மார்பில் கட்டி. ஸ்கேன் பார்த்த டாக்டர், ஊசி போட்டு சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று போன வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்தார். அவள் போகவில்லை. மாமியார் ஆடியோவைக் கேட்டார், கணவர் கேட்டார், "ஊசி மட்டும் வேணாம்" என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கட்டி யார் உடம்பில் இருக்கிறதோ அவளை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பார்வர்ட் செய்தவர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்துவிட்டு முப்பத்துநாலு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் "யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும்" என்று கேட்க உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். அந்த ஆடியோவில் பேசுகிறவர் பெயர் இல்லை. ஊர் இல்லை. எந்த நோயாளி, எந்த வருஷம், ஒன்றுமில்லை. கீரை விற்க வருகிற அம்மாவிடம் இன்றைக்குப் பறித்ததா நேற்றைக்குப் பறித்ததா என்று நாலு கேள்வி கேட்கிறவர்கள், இந்த ஆளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"இல்லை டீச்சர், எங்க பெரியப்பாவுக்கு ஊசி குத்தினாங்க, மூணே மாசத்துல போயிட்டாரு" என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். வருத்தமான விஷயம்தான். ஆனால் கண்ணு, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை உனக்குத் தெரியும். பெரியப்பாவை எப்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்கள்? சாப்பாடு இறங்காமல், உடம்பு பாதியான பிறகு. நோய் ஏற்கெனவே முற்றியிருந்தது. முற்றியதால்தான் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி போனதால்தான் ஊசி. நீ வரிசையைத் தலைகீழாகப் படிக்கிறாய். ஊசி போட்டு, சிகிச்சை எடுத்து, பதினைந்து வருஷமாக நடமாடிக்கொண்டிருக்கிறவர்கள் நம் முத்தியால்பேட்டையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வெளியே சொல்வதில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று மறைக்கிறார்கள். செத்தவர் கதை மட்டும் தெருவெல்லாம் தெரிகிறது.

ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பேச்சில் ஒரு கடுகளவு உண்மை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊசி போன தடத்தில் சில செல்கள் ஒட்டிக்கொண்டு, அங்கே சின்னதாக வளர்வது உண்டு. அபூர்வம். அதிகமாகப் பேசப்படுவது ஈரலில் வரும் ஒரு வகைப் புற்றுநோயில். 2008ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது நூற்றுக்கு 2.7 என்று வந்தது. அதனால்தான் ஈரல் சுருக்க நோய் உள்ளவருக்குச் சி.டி., எம்.ஆர்.ஐ. படத்திலேயே அந்தக் கட்டியின் அடையாளம் தெளிவாகத் தெரிந்துவிட்டால் டாக்டர்கள் ஊசியே போடுவதில்லை. விரையில் கட்டி என்றால் விதைப்பை வழியாக ஊசி குத்தமாட்டார்கள். இதெல்லாம் டாக்டர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. அவர்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எங்கே குத்தக் கூடாது என்று தெரிந்தவர்கள்தான் எங்கே குத்தலாம் என்றும் சொல்கிறார்கள்.

கணையத்தைப் பற்றியும் இந்தப் பயம் ரொம்ப நாளாக இருந்தது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 2015ல் வெளியிட்ட ஆய்வில், கணையப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 2,000க்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டு, முன்னால் ஊசி போட்டுக்கொண்டவர்கள், போட்டுக்கொள்ளாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் சீக்கிரம் சாகவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே வாழ்ந்திருந்தார்கள். ஆடியோக்காரர் எத்தனை பேரைப் பார்த்தாராம்?

இது நேற்று வந்த சமாசாரமும் இல்லை. 1930லேயே நியூயார்க்கில் மார்ட்டின், எல்லிஸ் என்ற இரண்டு பேர் கட்டியில் ஊசி விட்டு உறிஞ்சிப் பார்த்து அதை எழுதி வைத்தார்கள். அப்போது கையால் தடவிப் பார்த்துக் குத்துவதுதான் வழி. கைக்குத் தட்டுப்படாத கட்டி என்றால் வயிற்றையோ நெஞ்சையோ திறந்துதான் பார்க்க வேண்டும். இப்போது படம் பார்த்துக்கொண்டே குத்துகிறார்கள். நான் பேச வந்ததே இந்தப் படத்தைப் பற்றித்தான். பயப்படுகிறவர்கள் எல்லோரும் மனதில் வைத்திருப்பது யாரோ கண்ணை மூடிக்கொண்டு கோணி ஊசியால் மூட்டையைக் குத்துகிற மாதிரி ஒரு காட்சி. ரேஷன் கடையில் அரிசி மூட்டையில் குத்திப் பார்ப்பார்களே, அது. அப்படி இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கே எடுத்தார்கள். சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இது இப்போதுதான் தெரிகிறது. பரவாயில்லை. இடது மார்பில், நெல்லிக்காய் அளவு. விளக்கைக் குறைத்த அறை. ஜில்லென்று ஒரு பசையைத் தடவி, ஸ்கேன் கருவியின் தலையை வைத்தார் அந்த டாக்டரம்மா. திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு உருண்டை. மரத்துப்போக ஊசி போட்டார்கள், அதுதான் சுருக்கென்றது. பல் பிடுங்கப் போடுகிற மாதிரி. பிறகு, "டீச்சர், ஒரு சத்தம் வரும், பயப்படாதீங்க" என்று கருவியைக் காற்றில் ஒரு தடவை அழுத்திக் காட்டினார். டிக். பெரிய ஸ்டேப்ளர் சத்தம். அப்புறம் திரையைப் பார்க்கச் சொன்னார். வெள்ளைக் கோடாக ஊசி உள்ளே வருகிறது, கறுப்பு உருண்டையின் ஓரத்தில் நிற்கிறது, டிக், உருண்டையின் நடுவில் கோடு. நாலு தடவை. எடுத்ததை ஒரு சின்ன புட்டியில் போட்டார்கள், பென்சில் முள் தடிமனுக்கு வெள்ளையாக நாலு துண்டு. பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டு ஒரு பிளாஸ்திரி. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து சாயங்காலம் ரசம் வைத்தேன். கெடுதல் இல்லாத கட்டி என்று ரிப்போர்ட் வந்தது.

அந்த வெள்ளைக் கோட்டில் ஒரு கணக்குப் பாடம் இருக்கிறது. ஸ்கேன் கருவி ஒரு மெல்லிய தளத்தை மட்டும்தான் பார்க்கிறது, ரொட்டித் துண்டு மாதிரி. ஊசி அந்தத் தளத்துக்குள்ளேயே போனால் முழு நீளமும் கோடாகத் தெரியும். குறுக்கே வெட்டிப் போனால் வெறும் புள்ளிதான் தெரியும், நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாது. நுனி தெரிவதுதான் முக்கியம். ஏனென்றால் அந்த டிக் சத்தத்தில் ஊசி சுமார் 2 சென்டிமீட்டர் முன்னால் பாய்கிறது. உள் ஊசியில் ஒரு பள்ளம் இருக்கும், அதில் சதை உட்காரும், மேல் உறை பாய்ந்து வந்து அதை நறுக்கும். மார்புக்குக் கீழே நுரையீரல் இருக்கிறது அல்லவா? அதனால் ஊசியை நெஞ்சு எலும்புக் கூட்டுக்கு இணையாகப் படுக்க வைத்துப் போவார்கள். அளவுகோலை வைத்து இணைகோடு போடச் சொன்னால் "இதெல்லாம் எதுக்கு டீச்சர்" என்று கேட்டானே ஒருவன், அவன் இப்போது துபாயில் இன்ஜினியர். அதற்குத்தான்.

அல்ட்ராசவுண்ட் எல்லாவற்றையும் பார்க்காது. காற்றும் எலும்பும் அதற்குச் சுவர் மாதிரி. நுரையீரலின் உள்ளே இருக்கும் கட்டிக்குச் சி.டி. வேண்டும். தோலில் கட்டம் போட்ட ஒரு பட்டையை ஒட்டிப் படம் எடுக்கிறார்கள். எந்தக் கட்டத்துக்கு நேராகக் கட்டி இருக்கிறது, தோலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எந்தக் கோணம், நடுவில் விலா எலும்போ ரத்தக் குழாயோ குறுக்கிடுகிறதா என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் ஊசியை எடுக்கிறார்கள். கொஞ்சம் உள்ளே, படம். இன்னும் கொஞ்சம், படம். நோயாளி ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மூச்சைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டி இடம் மாறிவிடும். வெளியே ஒரு வழிகாட்டி ஊசியை நிறுத்திவிட்டு, அதன் உள்ளேயே வெட்டும் ஊசியை நாலைந்து தடவை விட்டு எடுக்கிறார்கள். துண்டு ஐந்து என்றாலும் துளை ஒன்றுதான்.

இதில் ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது நாலில் ஒருவருக்கு நடக்கிறது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். நூற்றில் ஐந்தாறு பேருக்குக் குழாய் வைக்க வேண்டி வரும். கொஞ்ச நேரம் படுக்க வைத்து, மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். பயப்பட வேண்டுமென்றால் இதற்குப் பயப்படுங்கள், கேள்வி கேளுங்கள். இல்லாத பூச்சாண்டிக்குப் பயப்படாதீர்கள்.

சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்து 1979ல் நோபல் பரிசு வாங்கிய ஹவுன்ஸ்ஃபீல்ட் பல்கலைக்கழகப் பட்டம் வாங்காதவர், டிப்ளமோக்காரர். சும்மா சொல்லி வைக்கிறேன்.

மார்பில் இன்னொரு வகை இருக்கிறது. கட்டியே இருக்காது. மேமோகிராமில் உப்புத் தூவின மாதிரி சுண்ணாம்புப் புள்ளிகள் மட்டும் தெரியும். அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் பிடிபடாது. மேமோகிராம் தட்டையான படம், ஆழம் தெரியாது. அப்புறம் எப்படிக் குத்துவது? பிள்ளைகளா, கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். வலது கண்ணை மூடுங்கள், பிறகு இடது கண்ணை மூடுங்கள். விரல் இடம் மாறுகிறதா? விரலைக் கிட்டே கொண்டு வந்தால் அதிகமாகத் தாவும், தள்ளிப் பிடித்தால் குறைவாகத் தாவும். வகுப்பில் ஜன்னல் கம்பியை வைத்து இதைச் செய்திருக்கிறோம். இதே கணக்குத்தான். நேரிலிருந்து 15 டிகிரி இந்தப் பக்கம் ஒரு படம், 15 டிகிரி அந்தப் பக்கம் ஒரு படம். புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் வந்துவிடும். ஸ்வீடன்காரர்கள் 1977ல் இதற்கென்று கருவி செய்து எழுதினார்கள். எடுத்த துண்டுகளை அங்கேயே மறுபடி எக்ஸ்ரே எடுத்து, அந்த உப்புப் புள்ளி உள்ளே வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுகிறார்கள். இந்த அளவுக்குப் பார்த்துச் செய்கிற வேலையைத்தான் "கண்டபடி குத்துகிறார்கள்" என்கிறார் புல்லாங்குழல்காரர்.

ஆடியோவைப் பார்வர்ட் செய்த ஒருவர் பாரிஸ் பக்கம் இருக்கிறார், நம் சொந்தம்தான். பிரான்சில் 50 வயதிலிருந்து 74 வயது வரை உள்ள பெண்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மேமோகிராமுக்கு வரச்சொல்லிக் கடிதம் போகிறது. 2004லிருந்து நாடு முழுக்க நடக்கிறது. அண்ணி, உங்களுக்குக் கடிதம் வந்து, போய், ஒரு புள்ளியில் சந்தேகம் வந்து, படம் பார்த்து ஊசி போட்டு, ஒன்றுமில்லை என்று வந்து, ஷாம்பெய்ன் திறந்த போட்டோவை எனக்குத்தானே அனுப்பினீர்கள்? உங்களுக்கு ஒரு நியாயம், புதுச்சேரியில் இருக்கிற பெண்ணுக்கு ஒரு நியாயமா?

ஆண்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். ஐம்பது தாண்டிய என் மாணவர்கள் இருக்கிறீர்கள். புராஸ்டேட்டுக்கு ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் வைத்து, பத்துப் பன்னிரண்டு இடத்தில் வரிசையாகக் குத்தி எடுப்பது பழைய முறை. மொத்தச் சுரப்பியையும் தேடுகிற வழி அது, இருக்கிற இடத்தைத் தவறவிடவும் கூடும். இப்போது முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே குறிவைக்கிறார்கள். 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 500 ஆண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். சிகிச்சை தேவைப்படுகிற புற்றுநோய் எம்.ஆர்.ஐ. முறையில் நூற்றுக்கு 38 பேரிடமும் பழைய முறையில் 26 பேரிடமும் பிடிபட்டது. குத்தலாமா வேண்டாமா என்ற பேச்சு முடிந்து, எதைப் பார்த்துக் குத்தினால் தவறாது என்கிற இடத்துக்கு உலகம் வந்துவிட்டது. நாம் இன்னும் முதல் கேள்வியிலேயே நின்றுகொண்டிருக்கிறோம்.

என் நாத்தனாரைப் பற்றி ஒரு பத்தி. உறவுக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. மார்பில் கட்டி. கையில் உருளுகிற கட்டி, வலியில்லை. நான் அப்போதே ஊசி எடுத்துப் பார்க்கச் சொன்னேன். "குத்தினா முழிச்சுக்கும்" என்று நாலு பேர் சொன்னதை நம்பி, பத்துப் போட்டாள், கஷாயம் குடித்தாள், நேர்த்திக்கடன் வைத்தாள். பதினோரு மாசம். தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் காட்டினாள். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பதினோரு மாசத்தில் ஒரு ஊசியும் படவில்லை. ஊசி படாமலேயே அக்குளுக்குப் போனது, முதுகெலும்புக்குப் போனது. அவளை யாரும் குத்தவில்லை. "பார்த்தீங்களா, ஊசி போடாததால பரவிடுச்சு" என்று துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவராவது சொன்னீர்களா?

இப்போது எதிர்ப்பக்கம். டாக்டர்களையும் ஒரு பிடி பிடிக்க வேண்டும், விட்டுவிட்டால் ஒருதலைப்பட்சம்.

கட்டி என்று போனால் ஊசியும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், "நாளைக்கே அட்மிட் ஆகுங்க, எடுத்துப் போட்டுடலாம்" என்கிற சில இடங்கள் இருக்கின்றன. பெயர் சொல்லப் போவதில்லை. நம் மக்களுக்கு அது பிடித்தும் இருக்கிறது. "ஒரே அடியா எடுத்துட்டாங்க, நல்ல டாக்டர்." என்ன எடுத்தார்கள் என்று தெரியாமல் எடுத்தார்கள்! கெடுதல் இல்லாத கட்டியாக இருந்தால் தேவையில்லாத தழும்பு. புற்றுநோயாக இருந்தால் ஓரம் விடாமல் வெட்டி, அக்குளைப் பார்க்காமல் தைத்து, இரண்டாவது ஆபரேஷனுக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஊசியில் எடுத்த துண்டை வைத்து அது எந்த வகை, ஹார்மோனுக்குக் கட்டுப்படுமா, ஹெர்2 என்கிற அடையாளம் உண்டா என்றெல்லாம் முன்கூட்டியே பார்த்துவிட்டால், சிலருக்கு முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, மார்பை முழுசாக எடுக்காமலே காப்பாற்ற முடிகிறது. கத்தியை முதலில் வைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. தொடையிலோ கையிலோ ஆழத்தில் வளர்கிற சார்கோமா வகைக் கட்டிக்கு இது இன்னும் முக்கியம். அதில் ஊசி போகிற தடத்தைக்கூட, பிறகு ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். ஆபரேஷனில் அந்தத் தடத்தையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்பதற்காக. ஊசிக்கே இத்தனை யோசனை என்றால், கொழுப்புக் கட்டி என்று நினைத்துக் கண்டபடி கீறுகிறவரை என்னவென்று சொல்வது.

இன்னொன்று டி.பி. நம் நாட்டில் நெஞ்சு எக்ஸ்ரேயில் வெள்ளை தெரிந்தால், கழுத்தில் நெறிக்கட்டி இருந்தால், முதலில் டி.பி. என்றுதான் நினைப்பு ஓடுகிறது. அதில் தப்பில்லை, இங்கே டி.பி. அதிகம். ஆனால் சளியிலும் கிருமி இல்லை, சதையும் எடுத்துப் பார்க்கவில்லை, "மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்று மாசக்கணக்கில் போடுவது இருக்கிறதே, அது நுரையீரல் புற்றுநோய்க்காரருக்கு இருந்த கொஞ்ச காலத்தையும் தின்றுவிடுகிறது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். புற்றுநோய் என்று வீடே அழுதுகொண்டிருக்கும், ஊசி எடுத்துப் பார்த்தால் டி.பி., ஆறு மாச மாத்திரையில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு ஊசிதான். ஒரு சின்ன விஷயம்: டி.பி. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் சலைனில் தனியாக அனுப்ப வேண்டும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு அதை வளர்த்துப் பார்க்க முடியாது. "டி.பி.க்கும் சேர்த்து அனுப்புறீங்களா சார்" என்று கேட்பது குற்றமில்லை.

கையில் தட்டுப்படுகிறது என்று ஸ்கேன் இல்லாமலே குத்துகிற வழக்கமும் இருக்கிறது. மேலாக உள்ள பெரிய நெறிக்கட்டி என்றால் சரி. ஆனால் மார்புக் கட்டியில் நடுப்பகுதி அழுகியிருக்கலாம், பாதி நீராக இருக்கலாம். எந்தப் பகுதியில் உயிருள்ள செல் இருக்கிறது என்று படம்தான் காட்டும். குருட்டாம்போக்கில் குத்தி "போதுமான செல் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் மறுபடி ஒரு குத்து, மறுபடி ஒரு வாரம். அதைவிட மோசம், தவறின இடத்தில் எடுத்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று வருவது. ஸ்கேன் கருவி டாக்டர் அறையில் ஏன் இல்லை என்று கேட்கலாம். கருவில் பெண் குழந்தையா என்று பார்த்து அழிக்கிற கொடுமையைத் தடுக்க 1994ல் வந்த சட்டப்படி அந்தக் கருவியைப் பதிவு செய்துதான் வைத்திருக்க வேண்டும், நினைத்த இடத்துக்கு உருட்டிக்கொண்டு போக முடியாது. நியாயமான சட்டம். அதனால் நோயாளிதான் ஸ்கேன் அறைக்கு நடக்க வேண்டும். நடந்தால் என்ன?

1823ல் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அதன் வழியில் வந்த ஜிப்மர் 1964லிருந்து கோரிமேட்டில் இருக்கிறது. கடலூர், விழுப்புரம், திண்டிவனம் என்று எங்கெங்கிருந்தோ விடியற்காலையில் பஸ் ஏறி வந்து அங்கே வரிசையில் நிற்கிறார்கள். கூட்டம்தான், காத்திருக்கத்தான் வேண்டும், எனக்கும் எரிச்சல் வரும். ஆனால் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய நாம், வாசலில் இருப்பதை விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் வைத்தியம் பார்க்கிறோம். சென்னைக்குப் போகிறவர்களுக்கு அடையாறு இருக்கிறது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிடிவாதமாகப் பணம் திரட்டி 1954ல் தொடங்கியது. அந்த அம்மா பட்ட பாட்டுக்கு முன்னால் ஒரு நாலு நிமிஷ ஆடியோ.

யாருக்காவது தேதி கொடுத்திருந்தால் போவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். என்ன படம் பார்த்து எடுக்கப் போகிறீர்கள்? உறிஞ்சி எடுக்கிற மெல்லிய ஊசியா, துண்டு எடுக்கிற ஊசியா? மெல்லிய ஊசியில் வருவது தனித்தனி செல், சீக்கிரம் பதில் கிடைக்கும், ஆனால் எல்லாப் பரிசோதனையும் அதில் செய்ய முடியாது. துண்டு என்றால் சில நாள் ஆகும், விவரம் கூடுதல். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறவர்கள், கட்டாயம் முதலிலேயே சொல்லுங்கள். எப்போது நிறுத்துவது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். படம் பயங்கரமாகக் காட்டி, ஊசி "ஒன்றுமில்லை" என்று சொன்னால், சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடாமல் "இரண்டும் பொருந்துகிறதா டாக்டர்" என்று கேளுங்கள். பொருந்தாவிட்டால் மறுபடி எடுக்கத்தான் வேண்டும். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, கண்ணாடிச் சில்லையும் மெழுகில் பதித்த கட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் இன்னொரு தடவை குத்துவார்கள், அப்புறம் "எத்தனை தடவை குத்துறாங்க" என்று இன்னொரு ஆடியோ வரும்.

மாமியார்மார்களுக்கும் கணவன்மார்களுக்கும் தனியாக ஒரு வரி: அவள் கேட்டால் துணைக்குப் போங்கள். போக வேண்டாம் என்று சொல்லும் வேலை உங்களுக்கு இல்லை.

ஆடியோவைப் போட்ட ஐந்து பேரும் அதை நீக்கிவிட்டு, நீக்கிவிட்டேன் என்று அதே குரூப்பில் எழுதுங்கள். இந்தப் பதிவுக்குக் கீழே ரிப்போர்ட் போட்டோக்களைப் போட்டு "இது என்ன டீச்சர்" என்று கேட்காதீர்கள், எனக்குப் படிக்கத் தெரியாது, ஊரே பார்க்கும். ஜிப்மர் போக யாராவது துணைக்கு ஆள் இல்லாமல் தயங்கினால் மட்டும் எனக்குப் போன் செய்யுங்கள். செவ்வாய், வியாழன் காலையில் நான் சும்மாதான் இருக்கிறேன். ஆறரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.